அமாவாசையன்று பத்தியம் இருந்த காக்கை

ஒரு காட்டில் கோமதிநாயகம் என்றொரு காக்கை இருந்தார். காக்கைக்கு என்ன 'இருந்தார்' என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். மேலத்தெருவில் பாதி வீடுகளுக்கு அவர்தான் செத்துப்போன அப்பா. மரியாதை குறைத்துச் சொல்லிவிட்டு நாளைக்கு யார் ஏச்சு வாங்குவது?

காடு என்றதும் புலி, சிங்கம் என்று கற்பனையை அவிழ்த்துவிடவும் வேண்டாம். ஊர் தின்றதுபோக பைபாஸ் ரோட்டுக்கும் செல்போன் கோபுரத்துக்கும் நடுவில் மிச்சம் கிடந்த காடு அது. சில ஆலமரங்கள், ஒரு குளம், மீதியெல்லாம் சீமைக்கருவேலம். இந்தக் கதைக்கு அது போதும்.

அந்தக் காட்டுக் காக்கைகளுக்கு முன்னோராக இருப்பதுதான் உத்தியோகம். தெருவுக்கு ஒரு காக்கை. தினமும் உலை இறக்கியதும் ஒரு பிடி சோறு. அமாவாசை வந்தால் இலை போட்டு முழுச்சாப்பாடு. மாடியில் நின்று "கா, கா" என்று கூப்பிடுவார்கள். போய் இலையில் வாய் வைக்க வேண்டும். வைத்தால்தான் வீட்டில் மற்றவர்களுக்குச் சாப்பாடு. கோமதிநாயகம் மேலத்தெரு முதல் வீட்டில் ரிட்டயர்டு வாத்தியார், அடுத்த வீட்டில் அரிசி மண்டிக்காரர், அதற்கடுத்த வீட்டில் போன வருஷம் காலமான குத்தாலிங்கம். கோமதிநாயகத்தின் சம்சாரம் ஆவுடையம்மா சன்னதித் தெருவில் ஏழெட்டு வீட்டுக்கு மாமியார். அங்கே மருமகள்கள் பயத்திலேயே நெய்யை ஊற்று ஊற்றென்று ஊற்றுவார்கள்.

தங்களுக்குள் அடிதடி வராமலிருக்கக் காக்கைகள் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தன. அமாவாசை இலையில் யார் வாய் வைக்கிறாரோ, தெரு அவருக்கு. வைக்காதவருக்குத் தெரு கிடையாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

இத்தனை வருஷம் சோறும் பருப்பும் பாயசமுமாகத் தின்ற உடம்பு சும்மா இருக்குமா? முதலில் தாகம் வந்தது. தெருவிலுள்ள தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றிலும் குடித்தும் அடங்கவில்லை. குடித்ததெல்லாம் கீழே நிறுத்தியிருந்த கார்களின்மேல் போயிற்று. பிறகு கண் மங்கியது. ஒருநாள் தெரு மாறிப் போய், பாதிரியார் வீட்டு மாடியில் காயப்போட்டிருந்த கூழ்வற்றலைப் படையல் என்று நினைத்துத் தின்றுவிட்டு, தலையை ஆட்டி ஆசீர்வாதமும் பண்ணிவிட்டு வந்தார். வலது காலில் ஒரு விரலைக் கம்பி கீறிய புண் மட்டும் ஆறவே மாட்டேன் என்றது.

"இன்னைக்கு டாக்டர்ட்ட போகலைன்னா நான் எங்கம்மா கூட்டுக்குப் போயிருவேன்" என்றாள் ஆவுடையம்மா. அதற்குப் பிறகுதான் போனார்.

டாக்டர் வெள்ளைச்சாமி குளத்தங்கரையில் உட்காராமல் நோயாளி பார்ப்பவர். கொக்கு. எப்போது போனாலும் ஒற்றைக்காலில் நிற்பார். ஆலிலைதான் டோக்கன். கோமதிநாயகத்துக்கு முன்னால் பன்றி, உடும்பு, இருமிக்கொண்டே ஒரு குரங்கு. ரத்தம் எடுப்பது மரங்கொத்தியின் வேலை. வெறும் வயிற்றில் ஒரு கொத்து, சாப்பிட்ட பிறகு இன்னொரு கொத்து. அது வேலை முடிந்தும் நிறுத்தாது, சத்தம் போட்டால்தான் நிறுத்தும்.

டாக்டர் முடிவைப் பார்த்துவிட்டு நின்ற காலை மாற்றிக்கொண்டார். "வே கோமதிநாயகம், சுகர் ஏறிக் கிடக்கு. டைப் டூ."

"ஐயா, நான் இனிப்பை அமாவாசைக்கு அமாவாசைதானே தொடுதேன். மத்த நாள்லாம் வெறும் சோறு."

"அந்த வெறும் சோறு வயித்துக்குள்ள போயி என்னவா ஆகுதுன்னு நினைக்கீரு? சர்க்கரையாத்தான் ஆகுது. மாவுச்சத்தை விடும். அரிசி வேண்டாம், இட்லி வேண்டாம், பாயசம் பக்கமே திரும்பாதீரு."

"அப்போ சப்பாத்தி? ஊர்ல சுகர் வந்தவன் எல்லாம் ராத்திரி சப்பாத்திதானே..."

"அதுவும் மாவுதான்."

"கம்பு, தினை?"

"ஏன் வே, ஒவ்வொரு மூட்டையாப் பிரிச்சு என்கிட்ட மொத்த வியாபாரமா பண்ணுதீரு? எல்லாம் மாவுதான்!" டாக்டர் கழுத்தை நீட்டி அந்தப் புண்ணைப் பார்த்தார். "இப்படியே தின்னுக்கிட்டிருந்தா இந்த விரல் போயிரும். அப்புறம் பக்கத்து விரல். அதுவும் போனா கரண்டுக் கம்பியை எதை வச்சுப் பிடிப்பீரு? இன்னொண்ணும் கேட்டுக்கிடும். சர்க்கரை ஏறினா மெள்ளக் கொல்லும், ரொம்ப இறங்கினா உடனே கொல்லும். வேர்த்து நடுங்கி வாய் குழறினா இறங்குதுன்னு அர்த்தம்."

கோமதிநாயகம் அந்த விரலைக் குனிந்து பார்த்தார். அவருடைய பெரியப்பாவுக்கு அப்படித்தான் விரல் போயிற்று. கம்பியில் உட்கார முடியாமல் பஸ் ஸ்டாண்டு குப்பைமேட்டில் தத்தித் தத்தித் திரிந்தார். கடைசியில் ஒரு நாய் வந்தது. அதற்குமேல் அந்தக் குடும்பத்தில் யாரும் அந்தக் கதையைச் சொல்வதில்லை.

"அப்போ நான் எதைத்தான் திங்க?"

"மீன் தின்னும். முட்டை, தவளை, பல்லி, என்ன வேணுமோ தின்னும். என்னைப் பாரும். பொறந்ததிலிருந்து ஒரு பருக்கை தொட்டதில்லை. எப்படி இருக்கேன், சிக்குன்னு?"

கொக்கு எப்போதுமே சிக்கென்றுதானே இருக்கும், இதில் டாக்டருடைய சாமர்த்தியம் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. கோமதிநாயகத்துக்குத் தோன்றவில்லை. அவர் தயங்கித் தயங்கி, "அமாவாசைக்கு மட்டும் ஒரு வாய்..." என்றார்.

"அமாவாசைன்னா சுகருக்கு லீவா? ஒரு வாய் கூடாது" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

சேதி காடு முழுக்கப் பரவியது. கேட்க வேண்டுமா? கிளி கொய்யா இலையை அரைத்துக் குடிக்கச் சொன்னது. பெருச்சாளி தன் மச்சினனுக்கு வெந்தயத்திலேயே குணமாயிற்று என்றது. குரங்கு இருமிக்கொண்டே பாகற்காய்ச் சாறு கொண்டுவந்தது, பாதி வழியில் தானே குடித்துப் பார்த்துவிட்டு மீதியைக் கொட்டிவிட்டு வந்தது. ஆவுடையம்மா மட்டும் கூட்டோரத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தாள்.

"என்னங்க, விரலு முக்கியம்தான். ஆனா சோறு திங்காத காக்காவை எவன் அப்பான்னு நம்புவான்?"

கோமதிநாயகம் ஒரு தந்திரம் பண்ணிப் பார்த்தார். காலைச் சோற்றைத் தின்னாமல் வாயில் கவ்விக்கொண்டு போய் அணிலுக்குக் கொடுத்துவிடலாம். வீட்டுக்காரர்களுக்கும் திருப்தி, உடம்புக்கும் கெடுதல் இல்லை. நல்ல யோசனைதான். ஆனால் கவ்விய சோறு ஒருநாளும் அணில்வரை போய்ச் சேரவில்லை. பாதி வழியில் நாக்கில் ஒரு பருக்கை பட்டுவிடும், அவ்வளவுதான், மற்றதெல்லாம் தானாக உள்ளே போய்விடும். அதனால் வாயில் கவ்வுவதையே விட்டார். காலையில் தெருவுக்கே போகாமல் குளத்தங்கரையில் தவளை பிடித்தார். முதல் வாரம் தலைவலி மண்டையைப் பிளந்தது. தூக்கத்தில் "தயிர்ச்சாதம், தயிர்ச்சாதம்" என்று முனகினார். ஆவுடையம்மா எழுப்பி ஒரு வண்டை வாயில் போடுவாள்.

ஆடி அமாவாசை வந்தது.

வாத்தியார் வீட்டு இலையில் தேங்காய்ச் சில்லு இருந்தது. தின்றார். மண்டிக்காரர் வீட்டில் வெள்ளரித் துண்டு. அதையும் தின்றார். 'அட, சமாளிச்சிரலாம் போலிருக்கே' என்ற தைரியத்தோடு குத்தாலிங்கம் வீட்டுக் கைப்பிடிச்சுவரில் வந்து இறங்கினார். இலையைப் பார்த்ததும் அந்தத் தைரியம் போயிற்று. மல்லிகைப்பூச் சோறு, பருப்பு, நெய், வடை, பாயசம். தேங்காயையும் துருவிப் பாயசத்தில் போட்டுவிட்டிருந்தார்கள்.

மாடியில் மூன்று பேர் நின்றார்கள். குத்தாலிங்கத்தின் சம்சாரம் காந்திமதி அம்மாள். மகன் சண்முகவேல், தர்ப்பணம் பண்ணிவிட்டு ஈரவேட்டியோடு. மருமகள் பகவதி. கீழே சொந்தபந்தமெல்லாம் சாம்பார் வாசத்தை மோந்துகொண்டு காத்துக்கிடந்தது. குத்தாலிங்கம் போன பிறகு வரும் முதல் ஆடி அமாவாசை.

"கா, கா. வாங்கப்பா" என்றான் சண்முகவேல்.

கோமதிநாயகம் இலையை இடக்கண்ணால் பார்த்தார். வலக்கண்ணால் பார்த்தார். வாய் வைக்கவில்லை.

"கோவமா இருக்காரு" என்றாள் பகவதி.

"ஏன் கோவப்பட மாட்டாரு?" என்றான் சண்முகவேல். "சுகரு சுகருன்னு கடைசி மூணு வருஷம் அவர் வாயையே கட்டிப்போட்டேனே. சாகுறதுக்கு முந்தின வாரம் ஒரு துண்டு அல்வா கேட்டாரு. 'உங்க நல்லதுக்குத்தான்'னு அலமாரியைப் பூட்டிட்டுப் போயிட்டேன். பகவதி, கடைக்கு ஆள் அனுப்பு. சூடா வாங்கிட்டு வரச் சொல்லு!"

அல்வா வந்தது. வாழை இலையில் வழுக்கிக்கொண்டு, ஓரமெல்லாம் நெய் கசிய வந்தது. அதோடு ஜாங்கிரி வந்தது, அதிரசம் வந்தது. செத்தவருக்குச் சுகர், அதனால் உயிரோடிருக்கும்போது கிடைக்கவில்லை. வந்தவருக்கும் சுகர், அதனால் இப்போதும் தின்ன முடியவில்லை. என்ன அநியாயம் பாருங்கள்!

"சாப்பிடுங்கப்பா. இனிமே பூட்ட மாட்டேன்" என்று சண்முகவேல் கைகூப்பிக்கொண்டு அழுதான்.

கோமதிநாயகத்துக்கும் அழுகை வந்துவிட்டது. "ஏ ராசா, உங்கப்பனுக்கு ஒரு கோவமும் இல்லடா. எனக்குத்தான் சுகர்!" என்று கத்தினார்.

மனுஷர்களுக்கு அது "கா" என்று கேட்டது.

"ஏசுதாரு" என்றாள் பகவதி.

வெயில் ஏறியது. கீழ்த்தெருக் காக்கை தன் வேலையை முடித்துவிட்டு, எதிர்வீட்டுக் கொடிக்கம்பத்தில் வந்து உட்கார்ந்து அலகைத் தீட்டிக்கொண்டது. மேலத்தெரு கைமாறப் போகிறது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. கோமதிநாயகம் அதையும் பார்த்தார், இலையையும் பார்த்தார், தன் விரலையும் பார்த்தார். சரி, தெரு போனால் போகட்டும், விரல் இருந்தால் குப்பையைக் கிளறியாவது பிழைக்கலாம் என்று சிறகை விரிக்கப் போனார்.

அப்போதுதான் சண்முகவேலைக் கவனித்தார். நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்வை. கூப்பிய கை நடுங்கியது.

"என்னங்க, காலைல சுகர் மாத்திரை போட்டீங்களா?" என்றாள் பகவதி.

"போட்டேனே."

"ஐயையோ, வெறும் வயித்துலயா? இந்தாங்க, சீனித்தண்ணி குடிங்க."

அவன் வாயை இறுக்கிக்கொண்டான். "அப்பா வாய் வைக்காம நான்... வைக்க... மாட்..." என்று நாக்குக் குழறியது. தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தான். பகவதி டம்ளரை வாயில் வைத்து அழுத்த, பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் திருப்பினான். பிடிவாதத்தில் அந்தக் குடும்பத்தை அடிக்க ஆளில்லை.

கோமதிநாயகம் இலையை நோக்கித் தத்தினார். இறங்கினால் உடனே கொல்லும் என்று டாக்டர் சொன்னாரே! பையன் கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறான். நான் ஒரு வாய் வைத்தால் பிழைத்துக்கொள்வான். ஆனால் ஒரு வாயோடு நிற்கிற ஆளா நான்? இந்த அல்வாவில் அலகு பட்டால் இலையையே தின்றுவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அப்புறம் விரல்? 'போனால் போகுது சனியன்' என்று அலகைத் தாழ்த்தினார்.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பல்லி எட்டிப் பார்த்தது.

கொழுத்த பல்லி. மருந்துக்குக்கூட மாவுச்சத்து கிடையாது. ஆனால் இது சுத்த சைவக் குடும்பம். இவர்கள் வீட்டில் முட்டை என்ற வார்த்தையைக்கூட மெதுவாகத்தான் சொல்வார்கள். இத்தனை பேர் பார்க்கக் குத்தாலிங்கம் ஒரு பல்லியைத் தின்றால் அவர் பேர் என்ன ஆவது? கோமதிநாயகம் கணக்குப் போட்டார். பையன் உசுரு, தன் விரல், செத்தவர் பேர். மூன்றில் இரண்டைக் காப்பாற்றலாம். செத்தவருக்கு எப்படியும் மற்றதெல்லாம் போயாச்சு, இதுவும் போகட்டும்.

பாய்ந்தார். பல்லியைக் கவ்விக்கொண்டு வந்து, சட்டப்படி இலையில் சோற்றுக்கும் அல்வாவுக்கும் நடுவில் வைத்து, எல்லாரும் பார்க்கத் தின்றார். வால் மட்டும் துண்டாகிப் பாயசத்தில் விழுந்து கொஞ்ச நேரம் துள்ளியது.

பகவதி கையிலிருந்த டம்ளர் உருண்டது.

காந்திமதி அம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அவரேதான்."

"அத்தை!"

"மாசாமாசம் ஆடிட்டு ஆடிட்டுன்னு தூத்துக்குடி போவாரே. வந்ததும் வராததுமா பல்லு தேய்ப்பாரே. எதுக்குன்னு நினைச்ச? சட்டையைத் தோய்ச்சவ நான். மீன்வாசம் எனக்குத் தெரியாதா? நாமளாக் கேட்டா மனுஷன் கூசிப் போவாரேன்னு காலம்பூரா கேட்காமலே இருந்தேன். காலைலேருந்து எனக்குச் சந்தேகம், வந்திருக்கிறது வேற ஆளோன்னு. இப்போ சந்தேகமே இல்லை." கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள், இலையிலிருந்து அல்வாவை ஒரு விள்ளல் விண்டாள். "ஏலே சம்முகம், அப்பா சாப்பிட்டாச்சு. வாயைத் திற."

சண்முகவேல் வாயைத் திறந்தான். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது, முகத்தில் ரத்தம் வந்தது. "அப்பா..." என்று காக்கையைப் பார்த்தான். கோமதிநாயகம் வாயைக் கைப்பிடிச்சுவரில் துடைத்துக்கொண்டு, ஒரு அப்பா எப்படிப் பார்ப்பாரோ அப்படித் திரும்பிப் பார்த்துவிட்டுப் பறந்தார். நெஞ்சு கொள்ளாத சந்தோஷம் அவருக்கு. எதிர்வீட்டுக் கொடிக்கம்பம் காலியாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். அடுத்த அமாவாசைக்குக் குத்தாலிங்கம் வீட்டு இலையில், ஒரு வெற்றிலையால் மூடி, அவித்த முட்டை இருந்தது. அதற்கடுத்த அமாவாசைக்கு வஞ்சிரம். 'குத்தாலிங்கம் அண்ணாச்சிக்கு உண்டுன்னா எங்கப்பாவுக்கு மட்டும் என்ன குறைச்சல்' என்று வாத்தியார் வீட்டிலும் மீன் வாங்கினார்கள். மண்டிக்காரர் வீட்டில் கோழியே வந்தது. தெருக்காரர்கள் எல்லாரும் யாருக்கும் தெரியாமல் ஊரின் அந்தக் கோடியிலுள்ள மீன் மார்க்கெட்டுக்குப் போவார்கள். அங்கே எல்லாரும் எல்லாரையும் பார்ப்பார்கள். கருப்புக் கவரோடு திரும்பி வந்து யாரும் யாரையும் பார்க்கவில்லை என்பார்கள். முன்னோர் தின்றது போக மிச்சத்தை வீணாக்கக் கூடாதல்லவா? அதையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

கோமதிநாயகத்தின் தாகம் போயிற்று. கண் தெளிந்தது. புண் ஆறித் தோல் மூடியது. கொத்துவதற்கு ஆளில்லாமல் மரங்கொத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. டாக்டர் வெள்ளைச்சாமிக்குத்தான் ஏகப்பட்ட அக்கறை.

"என்ன தின்னீரு?"

"மீனுங்க ஐயா."

"என்ன மீன்? குழம்பா, பொரிச்சதா? எந்த வீட்டுல வே? எத்தனை மணிக்கு இலை போடுதாங்க?"

இப்படி அக்கறையாகத் துருவித் துருவிக் கேட்கிற டாக்டர் எந்த ஊரில் கிடைப்பார் என்று கோமதிநாயகம் ஆவுடையம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

தை அமாவாசை வந்தது. முழுக்கக் குணமான காலை டாக்டரிடம் காட்டி ஒரு நன்றி சொல்லிவிட்டுத் தெருவுக்குப் போகலாம் என்று குளத்தங்கரைக்குப் போனார். டோக்கனோடு பன்றி நின்றது, உடும்பு நின்றது. டாக்டரைக் காணோம்.

"இன்னைக்கு டாக்டர் லீவு" என்றது மரங்கொத்தி.

கோமதிநாயகம் மேலத்தெருவுக்குப் பறந்தார். குத்தாலிங்கம் வீட்டுக் கைப்பிடிச்சுவரில், இலைக்கு முன்னால், வெள்ளைவெளேரென்று ஒற்றைக்காலில் ஒருவர் நின்றுகொண்டு பொரித்த வஞ்சிரத்தை அலகால் பிய்த்துக்கொண்டிருந்தார். எதிரே மூன்று பேரும் கைகூப்பி நின்றார்கள்.

"என்ன இது, அத்தை, அவர் நிறம்..." என்று பகவதி இழுத்தாள்.

"சுகர் கட்டுக்குள்ள வந்தா நிறம் ஏறத்தான் செய்யும்" என்றாள் காந்திமதி அம்மாள். "ஆளும் இளைச்சிருக்காரு பாரு."

"நல்லா இருங்கப்பா" என்று சண்முகவேல் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

கோமதிநாயகம் கைப்பிடிச்சுவரில் பாய்ந்து இறங்கினார். "டாக்டரய்யா! இது என் தெரு! நான் இவங்களுக்கு அப்பா!" என்று கத்தினார். சட்டத்தை நினைத்தார். யார் வாய் வைக்கிறாரோ தெரு அவருக்கு என்றுதான் அதில் இருந்தது. காக்கை என்று ஒரு வார்த்தை போட அந்தக் காலத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

டாக்டர் வெள்ளைச்சாமி கழுத்தைத் திருப்பிப் பரிவோடு பார்த்தார். "கத்தாதீரு வே, பிரஷர் ஏறும். இந்த மீன்ல மேல மாவு தடவிப் பொரிச்சிருக்காங்க. உமக்கு ஆகாது. உம்ம நல்லதுக்குத்தான் நான் திங்கேன்."

"சூ, சூ" என்று சண்முகவேல் கையை வீசிக் கோமதிநாயகத்தை விரட்டினான். "போ அங்கிட்டு. அப்பா சாப்பிடுதாரு."

கோமதிநாயகம் எதிரே இருந்த கரண்டுக் கம்பியில் போய் உட்கார்ந்தார். எல்லா விரலும் கம்பியை நன்றாக இறுக்கிப் பிடித்தன.

*

நீதி: பத்தியத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் விரல் தப்பும். அந்த விரலோடு போய் நிற்பதற்கு ஓர் இடம் வேண்டுமானால், அதை டாக்டரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளவும்.